ஓடியாடும் குழந்தையின் சிறுநீரில் என்ன தேடுகிறோம்?

அன்புள்ள தம்பிக்கு,

திருவண்ணாமலையில் குழந்தை மருத்துவராகத் தொழில் தொடங்கியிருக்கும் உங்களுக்கு முதலில் என் வாழ்த்து. முகாம் பற்றிக் கேட்டு நீங்கள் எழுதியதற்குத் தனியாகவே பதில் எழுதியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை வேறு ஊர்களில் இருக்கும் இளம் மருத்துவர்களும் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கோயிலைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கம் போய், எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்ப்பது உங்கள் திட்டம். ஸ்ட்ரிப் வாங்கித் தர ஊர்ப் பெரியவர்கள் முன்வந்திருக்கிறார்கள். சந்தேகப்படும் குழந்தைகளுக்குக் கல்ச்சரைக் குறைந்த விலைக்குச் செய்துதர லேப் வைத்திருக்கும் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கிட்னியை அரிக்கும் தொற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று ஆசைப்படுகிறீர்கள்.

வேண்டாம் தம்பி. இந்த முகாமை நடத்தாதீர்கள். இந்த ஊர்க் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேறு வேலை நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்ததைத்தான் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு உலகின் தேர்ந்த மருத்துவர்களும் நினைத்தார்கள். 1950களில் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்பவர், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமிகள் வளர்ந்தால் அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல, உள்ளேயே இருக்கும் கிருமி என்று ஒரு கோடு போட்டார். இன்றும் லேப் அறிக்கையில் நாம் பார்க்கும் 'ஒரு லட்சம்' அவர் போட்ட கோடுதான். அந்தக் கோடு கையில் கிடைத்ததும் ஒரு புதுக் கூட்டம் கண்ணில் பட்டது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, ஆனால் சிறுநீரில் லட்சக்கணக்கில் கிருமி. 1959 முதல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கால்வின் குனின் என்பவர் பள்ளி பள்ளியாகப் போய்த் தேடினார். எந்த ஒரு நாளில் பார்த்தாலும் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரிடம் கிருமி இருந்தது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பெண்களிடம் அது தென்படும் என்று கணக்கிட்டார். பையன்களிடம் மிக மிக அரிது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது பெண்களில் 1.9 சதவீதம், ஆண்களில் 0.2 சதவீதம். நம் குழந்தைகளைப் பற்றியும் இதை ஒட்டிய எண்களைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன.

இந்தக் குழந்தைகள்தான் வளர்ந்ததும் இரத்தக் கொதிப்போடும் சுருங்கிப்போன சிறுநீரகத்தோடும் வந்து நிற்பார்கள் என்று அன்று பயந்தார்கள். நியாயமான பயம். இதில் நான் மதிப்பது என்னவென்றால், பயந்ததோடு நிற்காமல் அது உண்மையா என்று சோதித்தும் பார்த்தார்கள். 1970களில் கார்டிஃப், ஆக்ஸ்ஃபோர்டு, நியூகாசில், டண்டீ என்று பல ஊர்களில், கிருமி கண்ட சிறுமிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்து கொடுத்தார்கள், மறுபாதியை மருந்தின்றிக் கண்காணித்தார்கள். கார்டிஃப்–ஆக்ஸ்ஃபோர்டு குழு நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1978இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் சிறுநீரக வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. தழும்பிலும் இல்லை. கிருமி கொஞ்ச நாள் போய், பலருக்குத் திரும்பவும் வந்தது. சில சிறுமிகளுக்குச் சிறுநீரகத் தழும்பு இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளியில் கண்டுபிடித்த அன்றே அது அங்கே இருந்தது. பால்குடி வயதிலோ நடைபழகும் வயதிலோ, காரணம் புரியாமல் வந்துபோன ஏதோ ஒரு காய்ச்சலில் விழுந்த தழும்பு அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சிறுநீரகம் கெட வேண்டிய குழந்தைக்கு அது ஐந்தாம் வகுப்பில் கெடவில்லை. முதல் இரண்டு மூன்று வயதுக்குள் கெட்டது. அப்போது அந்தக் குழந்தை பள்ளியில் இல்லை. காய்ச்சலோடு யாரோ ஒரு மருத்துவரின் மேஜை முன்னால் அம்மா மடியில் இருந்தது. நீங்கள் முகாம் போடும் இடத்துக்கும் நோய் நடந்த இடத்துக்கும் நடுவே பல ஆண்டு தூரம் இருக்கிறது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துக்காரர்கள் இதைவிட ஆழமாகப் போனார்கள். பிறந்த ஓராண்டுக்குள் இருக்கும் 3,581 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆண் குழந்தைகளில் 2.5 சதவீதம், பெண் குழந்தைகளில் 0.9 சதவீதம் பேரிடம் கிருமி இருந்தது. அதை ஊசி வழியே நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்து உறுதிசெய்தார்கள். நோயின் அடையாளம் இல்லாதவர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டார்கள். பெரும்பாலோருக்குக் கிருமி தானாகப் போனது. இன்னொரு ஆய்வில், கிருமியோடு நலமாக இருந்த சிறுமிகளுக்கு வேறு ஏதோ நோய்க்காகப் பென்சிலின் போன்ற மருந்து கொடுக்க நேர்ந்தபோது என்ன ஆயிற்று என்று கவனித்தார்கள். பழகிய கிருமி போய்ப் புதுக் கிருமி வந்தது. புதிதாக வந்தது சிலருக்குக் காய்ச்சலையும் இடுப்புவலியையும் கொண்டுவந்தது. காவலுக்குப் படுத்திருக்கும் நாயைத் துரத்திவிட்டால் திண்ணை காலியாகக் கிடக்காது, வேறொன்று வந்து படுக்கும். அது கடிக்கும் நாயாகவும் இருக்கலாம்.

அதே ஊரில் ஒரு சிறுமியின் சிறுநீரில் ஓர் ஈ.கோலை கிருமி மூன்று ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருந்தது. 83972 என்ற எண்ணிட்டு அதைப் பாதுகாத்து ஆராய்ந்தார்கள். சிறுநீர்ப் பாதையின் சுவரைப் பற்றிக்கொள்ள ஈ.கோலைக்கு நுண்ணிய இழைகள் வேண்டும். இந்தக் கிருமி அந்த இழைகளைச் சரியாக உருவாக்கும் திறனை இழந்திருந்தது. பிடிக்கக் கை இல்லாததால் அது மேலே ஏறவில்லை, உடலும் அதோடு சண்டைக்குப் போகவில்லை. பின்னாளில் லுண்ட் நகரத்து ஆய்வாளர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் அடிக்கடி தொற்று வரும் பெரியவர்களுக்கு இதே கிருமியை வேண்டுமென்றே உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தொற்றுகள் குறைந்தன. நாம் மாத்திரை கொடுத்து விரட்ட நினைக்கும் ஒன்றை அவர்கள் மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் பிறகு உலகம் மெதுவாகத்தான் மாறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், நலமான குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்துவந்த சிறுநீர்ப் பரிசோதனையை 2007இல்தான் தன் அட்டவணையிலிருந்து நீக்கியது. தொற்றுநோய் மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2019இல் இன்னும் நேராகச் சொன்னது: அறிகுறியில்லாத கிருமியைக் குழந்தைகளிடம் தேடவும் வேண்டாம், கண்டால் மருந்து கொடுக்கவும் வேண்டாம். நம் இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதற்குச் சிகிச்சை தேவையில்லை என்றுதான் சொல்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் குழு பால்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிறதே, அவர்கள் பார்க்கும் முப்பது நிலைகளில் இருதயக் கோளாறும் இரத்தசோகையும் காதுச் சீழும் உண்டு, சிறுநீர்த் தொற்று இல்லை. அதை விடுபட்டுப்போனது என்று எண்ண வேண்டாம்.

இனி உங்கள் முகாமையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பெண் குழந்தைகளைப் பார்க்கிறீர்கள். உண்மையில் கிருமி உள்ளவர்கள் பத்திலிருந்து இருபது பேர். ஸ்ட்ரிப் நூற்றுக்கு ஐந்து பேரிடம் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி மைதானத்தில் அவசரமாக எடுத்த சிறுநீருக்கு அது தாராளமான மதிப்பெண்தான். அப்படியானால் ஐம்பது குழந்தைகள் ஒன்றுமே இல்லாமல் உங்கள் பட்டியலில் ஏறுகிறார்கள். உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் வீண் பயம். மிச்சம் இருக்கும் ஒருவருக்கும் மருந்தால் பயன் இல்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

ஸ்ட்ரிப்பின் வேலையும் உங்களுக்குத் தெரியாததல்ல. உணவில் வரும் நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். அதற்குச் சிறுநீர் பையில் மணிக்கணக்கில் தங்க வேண்டும். அடிக்கடி ஒண்ணுக்குப் போகும் கைக்குழந்தையிடம் கிருமி இருந்தாலும் அந்தக் கட்டம் நிறம் மாறாமல் இருக்கலாம். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் காற்றும் ஈரமும் பட்டு, கிருமி இல்லாத சிறுநீரிலும் நிறம் மாறலாம். ஒரே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுக்கப் பார்க்கும் முகாமில் அது நடந்தே தீரும்.

கல்ச்சர் இன்னும் மோசம். எடுத்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் இட வேண்டும், இல்லையென்றால் நான்கு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளியில் காலை பத்து மணிக்கு எடுத்த பாட்டில், மலையிறங்கி, போளூர் வழியாக, வெயில் ஏறிய வண்டியில் திருவண்ணாமலை வந்து சேரும்போது என்ன ஆகியிருக்கும்? நல்ல சூட்டில் கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று கொண்டால், தோலிலிருந்து ஒட்டிய ஓராயிரம் கிருமி நான்கு மணி நேரத்துக்குள் காஸ் போட்ட லட்சத்தைத் தாண்டிவிடும். அறிக்கையில் 'ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்' என்று அச்சாகி வரும். அந்தத் தாள் பொய் சொல்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அந்தத் தாள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அது. அம்மா காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்குக் கிட்னியில் பிரச்சினை. அன்று மாலையே பாட்டி ஊறுகாயை நிறுத்துவாள், உப்பைக் குறைப்பாள். 'உப்பு ஏறியிருக்கா' என்று அக்கம்பக்கம் விசாரிக்கும். ஸ்கேனுக்கு ஒரு நாள் கூலி போகும். அங்கே ஏதோ லேசாக வீங்கியிருப்பதாக எழுதினால், வேலூருக்கு ஒரு பயணம். அங்கே சிறுநீர்த் துளையில் குழாய் விட்டு எக்ஸ்ரே எடுக்க, வலியில் அழும் மகளைத் தாய் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று வந்த பிறகும், பத்து வயதில் ஒட்டிய அந்தச் சொல் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் கூடவே வரும். பெண் குழந்தைகளிடம்தான் இந்தக் கிருமி அதிகம் தென்படும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

மருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயால் கொடுக்கும் செஃபிக்சிம் கேட்காத ஈ.கோலையை நீங்கள் கல்ச்சர் அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கிறீர்கள். நலமான குழந்தைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் அதன் குடலில் இருக்கும் கிருமிகளுக்குப் பாடம் நடத்துகிறது. நாளை அந்தக் குழந்தைக்கு உண்மையான காய்ச்சல் வரும்போது ஊசி மருந்துதான் மிஞ்சும்.

'பரிசோதனையே கூடாதா சார்' என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்கிறது. அதற்கும் முன்னால், 1990களின் இறுதியிலேயே, சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை ஒட்டிய கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் பெனடிக்ட் கரைசலும் கொண்டு வீடு வீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கவைத்தார். இரத்தக் கொதிப்பையும் அளக்கவைத்தார். கண்டறிந்தவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகள் கொடுத்தார். சிறுநீர்ப் பரிசோதனையால் கிராமத்துச் சிறுநீரகங்களைக் காக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் சான்று அது. அங்கே கண்டுபிடித்த நோய்க்குக் கொடுத்த மருந்து நோயின் போக்கை மாற்றியது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய பத்து விதிகளின் சாரமும் அதுதான். கண்டுபிடிப்பதால் அந்த ஆளின் கதி மாறுமா என்று முதலில் கேள். மாறாது என்றால் தேடாதே. பெரியவர்களின் சர்க்கரையிலும் கொதிப்பிலும் விடை ஆம். நலமான குழந்தையின் சிறுநீர்க் கிருமியில் விடை இல்லை.

கர்ப்பிணிகளை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அறிகுறி இல்லாத கிருமியைத் தேடி, கண்டால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும் அவர்களுக்கு. விட்டால் சிறுநீரகத் தொற்றாக முற்றித் தாயைப் படுக்கவைக்கும். பதினேழு வயதுப் பெண் கர்ப்பமாக உங்களிடம் வந்தால், அவள் குழந்தைகள் வார்டு வயதில் இருக்கிறாள் என்பதற்காக இந்தக் கடிதத்தை அவளுக்குப் பொருத்தக் கூடாது.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம்.

எட்டு மாதக் குழந்தை. மூன்று நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, காது சுத்தமாக இருக்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம், பதினாலு கிலோமீட்டரும் தூக்கிக்கொண்டே நடந்தோம், வெக்கையில் 'சூடு பிடிச்சிடுச்சு' என்பாள் அம்மா. கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நீர்க்கடுப்பு என்று அந்த வீடு சந்தேகப்பட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். சில நேரம் அவர்கள் சந்தேகம் சரியாகவே இருக்கும். காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீர்த் தொற்றுதான் காரணம். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேரிடம் நீங்கள் தேடப் போன நோய், உங்கள் மேஜை முன்னால் பதினைந்து பேரில் ஒருவரிடம் இருக்கிறது. இதை விட்டுவிட்டால்தான் தழும்பு விழுகிறது. மருந்து தொடங்க நாள் தள்ளத் தள்ள அதன் வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் குழந்தையிடம்தான் சிறுநீர் வேண்டும். முதல் வேளை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே வேண்டும். இங்கே வரும் குழந்தைகளில் பலர் மெடிக்கலில் வாங்கிய ஏதோ ஒரு சிரப்பை இரண்டு வேளை குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராது, நோய் மட்டும் உள்ளே இருக்கும். அதனால் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

ஒட்டும் பையில் சேகரித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள். தோலிலும் மலத்திலும் இருப்பதெல்லாம் அதில் சேரும். குழந்தையைத் துடைத்துச் சுத்தம் செய்து, அம்மாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சுத் துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தால் பல குழந்தைகள் சீக்கிரம் போய்விடும். மெல்போர்ன் நகரத்தில் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தவர்கள் தேய்த்த குழந்தைகளில் 31 சதவீதம், சும்மா காத்திருந்தவர்களில் 12 சதவீதம். செலவு கொஞ்சம் பஞ்சும் தண்ணீரும். குழந்தை சோர்ந்து கிடந்தால் காத்திருக்காமல் மெல்லிய குழாய் விட்டு எடுங்கள். மருந்தையும் உடனே தொடங்குங்கள், கல்ச்சர் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

ஆண் குழந்தையின் அம்மாவிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 'பையன் ஒண்ணுக்குப் போகும்போது பீய்ச்சி அடிக்கிறானா, சொட்டுச் சொட்டாக வருதா?' சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே தடுப்பு இருக்கும் பையன்களைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி இது. அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். முன்பெல்லாம் அம்மாக்களுக்கு யோசிக்காமலே பதில் தெரியும், மடியெல்லாம் நனைந்த அனுபவம் இருக்கும். இன்று பிறந்தது முதல் டயப்பர். பல அம்மாக்கள் மகன் சிறுநீர் கழிப்பதைப் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் வீட்டில் ஒரு நாள் டயப்பரைக் கழற்றிவிட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தடுப்பூசி போட வரும் நாளில் கேட்கலாம். ஸ்ட்ரிப் தேவையில்லை, முகாம் தேவையில்லை. கர்ப்ப கால ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருந்ததாக எழுதியிருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அந்தத் தாளைப் பிரசவம் முடிந்ததும் பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், போங்கள். சிறுநீரைப் பார்க்க வேண்டாம், கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக எத்தனை, பூட்டியிருந்தால் சாவி யாரிடம். பல பெண் பிள்ளைகள் காலையில் வீட்டில் போனதோடு சரி, மாலை வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டியிருக்கும் என்பதாலேயே தண்ணீரும் குடிப்பதில்லை. கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கம் தொடங்கியது, இப்போது நம் மாநிலத்துக்கும் வந்திருக்கிறது. மணி அடித்தால் போதாது. குடித்த தண்ணீரை வெளியேற்ற இடம் வேண்டும். மலச்சிக்கலையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை கல்லாகப் போகும் குழந்தைக்குச் சிறுநீர்ப்பையும் சரியாகக் காலியாகாது. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் சிறுமிகளில் பலருக்கு நான் முதலில் எழுதுவது மலமிளக்கிதான்.

ஸ்ட்ரிப் வாங்கித்தர முன்வந்த பெரியவர்களை இழந்துவிடுவோமோ என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். அவர்கள் கேட்பது ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு நன்மை. அந்தப் பணத்தில் ஐந்து பள்ளிகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் குழாயும் போடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுத்தமான கல்ச்சர் பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வாங்கித்தரச் சொல்லுங்கள். மலைமேல் காய்ச்சலோடு கிடக்கும் கைக்குழந்தையின் சிறுநீர், கெடாமல் மாவட்டத் தலைமையிடத்துக்கு வந்து சேர அது போதும். முகாமில் எடுக்கும் புகைப்படம் இதில் கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்பவர்கள் கூட நிற்பார்கள்.

கடைசியாக, கடிதத்தின் கீழே ஒரு சிறுமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் வகுப்பு. வேறு எங்கோ நடந்த முழு உடல் பரிசோதனையில் ஈ.கோலை ஒரு லட்சம் என்று வந்திருக்கிறது. ஓடுகிறாள், ஆடுகிறாள், ஒரு தொல்லையும் இல்லை. ஏற்கெனவே தாள் கையில் வந்துவிட்டதால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று வீட்டார் எதிர்பார்க்கிறார்கள். அவளை உட்காரவைத்துப் பேசுங்கள். எரிச்சல், அவசரம், பகலில் உள்ளாடை நனைதல், இரவில் புதிதாகப் படுக்கை நனைத்தல், சின்ன வயதில் காரணமில்லாத காய்ச்சல், மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல சமயம் 'தொல்லை இல்லை' என்று அம்மா சொல்வாள், குழந்தை வேறு சொல்லும். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், இரத்த அழுத்தம் அளங்கள், உயரமும் எடையும் குறியுங்கள். எல்லாம் சரியென்றால் மருந்து வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கல்ச்சரும் வேண்டாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: 'குடலில் கிருமி இருப்பது போல இவளுக்குச் சிறுநீர்ப்பையிலும் கொஞ்சம் இருக்கு. அது இவளை ஒண்ணும் பண்ணலை. கிட்னி நல்லா இருக்கு. விரட்டப் போனால்தான் வம்பு.' அவள் நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொடுங்கள்: சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தாலோ, போகும்போது எரிந்தாலோ, முதுகுப் பக்கம் வலித்தாலோ அன்றே வரவும், மருந்து எதுவும் கொடுக்கும் முன் சிறுநீர் எடுக்கவும். கீழே தேதியும் உங்கள் கையெழுத்தும் போனும் இருக்கட்டும், இரவில் வேறு மருத்துவர் பார்த்தாலும் அவருக்கும் விவரம் புரியும்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர் ஒருவர்